சிஞ்சில்லாக்களின் கூட்டுறவு

தென்னமெரிக்காவின் மேற்கோரத்தே நீண்டு கிடக்கும் அந்தீசு மலைத்தொடரின் வறண்ட பாறைச் சரிவுகளிலே வாழ்வது சிஞ்சில்லா என்னும் சிறு விலங்கு. அணிலைப் போன்று கொறித்துண்ணும் இனத்தது. மயிர்க்கால் ஒன்றிலிருந்து ஏறத்தாழ 60 மென்மயிர்கள் முளைத்தலின், அதன் உரோமம் பட்டினும் மெல்லியது. அம்மென்மையே அதற்குக் கேடாயிற்று. உரோம வணிகத்தின் பொருட்டு அளவின்றி வேட்டையாடப்பட்டமையால், 1910ஆம் ஆண்டிலே சிலி, பெரு, பொலிவியா, ஆர்செந்தீனா ஆகிய நாடுகள் அதனைக் காக்க உடன்படிக்கை செய்யவேண்டியதாயிற்று. 1923இல் சப்மன் என்னும் சுரங்கப் பொறியியலாளர் 11 விலங்குகளைக் கலிபோர்ணியாவுக்குக் கொண்டு சென்றார். இன்று வீடுகளில் வளர்க்கப்படுவனவற்றுட் பெரும்பாலானவை அவற்றின் வழிவந்தனவே.

மலையிலே சிஞ்சில்லாக்கள் கூட்டங் கூட்டமாக வாழ்வன. ஆதலின், தனித்திருக்கும் வளர்ப்பு விலங்குக்குத் துணை தேட விரும்புதல் இயல்பே. ஆயினும், கூடி வாழும் இயல்பு வேறு. வந்த எதனையும் ஏற்கும் இயல்பு வேறு. மலையிற் பூசல் நேரின் தோற்றது பாறையிடுக்கில் ஓடி மறையலாம். கூட்டிலோ நாற்புறமுங் கம்பி. புதியதை வந்த அன்றே பழையதன் கூட்டில் விட்டு, மறுநாட் காலையில் ஒன்றை இறந்த நிலையிற் காண்பாரும் உளர்.

புதியதனைச் சில வாரம் வேறோர் அறையில் வைத்து, நோயின்மையை முதலில் உறுதிசெய்தல் வேண்டும். பின்னர் இரு கூடுகளையும் அருகருகே, ஒன்றன் விரலை மற்றது கடிக்கவியலாத இடைவெளிவிட்டு வைக்கலாம். இவ்விலங்குகள் நீரிற் குளிப்பதில்லை. நுண்ணிய தூளிற் புரண்டே உடலைத் தூய்மை செய்வன. ஒன்று புரண்ட தூளிலே மற்றதையும் புரளவிடின் மணம் பழகும். அதன்பின், இரண்டுக்கும் உரிமையில்லாத புதிய இடமொன்றிற் சிறிது நேரம் சந்திக்கச் செய்தல் நன்று. அடர்ந்த உரோமமுடைய இவை 25 பாகை சதமவளவைக்கு மேற்பட்ட வெப்பத்தைத் தாங்கா. ஆதலின் அச்சந்திப்பு குளிர்ந்த வேளையில் நிகழவேண்டும்.

குறியறிதலே இதில் அரிய பகுதி. மூக்கொடு மூக்குச் சேர்த்து முகர்தலும், ஒன்றன் செவியோரத்து மயிரை மற்றது மெல்லக் கோதுதலும் நல்ல குறிகள். பல்லை நெறுநெறுத்தலும், பின்காலில் நிமிர்ந்து நின்று சிறுநீரைப் பீச்சுதலும் எச்சரிக்கை. பெண் பிந்தியதை மிகுதியாகச் செய்யும். ஒன்றன்மேல் ஒன்று ஏறுதல் கண்டு வளர்ப்போர் அஞ்சி உடனே பிரித்துவிடுவதுண்டு. அது பெரும்பாலும் தலைமையை நிலைநாட்டும் முயற்சியே. ஆண்களுக்கிடையிலும் பெண்களுக்கிடையிலுங்கூட அது நிகழும். உரோமக்கற்றைகள் பறப்பினும், குருதி தோன்றினும், ஓயாது துரத்தினும் பிரித்தேயாக வேண்டும். வெறுங்கையை இடையில் நீட்டலாகாது, அட்டையொன்றைச் செருகுதல் போதும்.

ஓசையுள்ள பூசலினும் ஓசையற்ற ஒடுக்கமே கொடிது. ஒன்று மூலையிற் பதுங்கி உணவருகே வாராதிருக்க, வளர்ப்போர் அதனை அமைதியெனக் கொள்வர். இரண்டும் உடலொட்டி உறங்குகின்றனவா, இரண்டினது எடையுங் குறையாதிருக்கின்றதா என்பனவே நம்பத்தக்க சான்றுகள்.

ஆணையும் பெண்ணையும் சேர்ப்பின், 111 நாளிற் குட்டி பிறக்கும். ஈன்றவுடனேயே பெண் மறுபடி கருவுறவுங்கூடும். அதனை விரும்பாதார் ஆணுக்கு மலடாக்குஞ் சிகிச்சை செய்வித்து, மருத்துவர் கூறுங் காலம் பொறுத்துச் சேர்ப்பர். எத்துணை முயன்றும் இணங்காத இணைகளும் உள. அத்தகையவற்றை ஒன்றையொன்று காணுமாறு வெவ்வேறு கூடுகளிலேயே வைத்தல் தகும்.