கற்பூரக் கரியும் இருண்ட மேகமும்

திருவனந்தபுரம் பழவங்காடிப் பிள்ளையார் கோயிலில் சிதறுகாய் உடைபடும் ஓசை ஓய்வதே அபூர்வம். தேங்காயோடு வாங்கிய கற்பூரத்தை ஏற்றி, சுடருக்கு மேலே ஒரு வெள்ளைக் கிண்ணத்தைப் பிடித்துப் பாருங்கள். நொடியில் கறுப்புப் படியும்; தொட்டால் மை போல விரலில் ஒட்டும்.

அந்தக் கரியில், கார்பன் அணுக்கள் ஆறாறாகக் கைகோத்துத் தேன்கூட்டு அறைகள் போல ஒட்டிக்கொண்ட மூலக்கூறுகள் உண்டு. இவற்றின் உறவுகள், ரிஷப ராசியின் திசையில் சுமார் 430 ஒளியாண்டு தொலைவிலுள்ள ஓர் இருண்ட மேகத்திலும் மிதக்கின்றன. இங்கே நெருப்பில் பிறப்பவை, அங்கே மைனஸ் 263 டிகிரிக் குளிரில் எப்படி வந்தன? ஆய்வாளர்களை உறங்கவிடாத கேள்வி இது.

அவை அங்கே இருப்பது எப்படித் தெரிந்தது? வாயுவில் மிதக்கும் மூலக்கூறு சுழலும். சுழற்சி ஒரு படி குறையும்போது, அதற்கே உரிய அலைவரிசையில் ரேடியோ அலை கிளம்பும். ஆனால் மின்னேற்றம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தால்தான் அந்த அலை வரும். கச்சிதமான வளையமான பென்சீன், பாவம், ஊமை. அதன் ஒரு ஹைட்ரஜனுக்குப் பதிலாக கார்பனும் நைட்ரஜனும் சேர்ந்த ஒரு வால் ஒட்டிக்கொண்டால் சமநிலை குலைகிறது, வாயும் திறக்கிறது.

அந்த வாலைப் பிடித்துத்தான் 2018-ல் ஆய்வாளர் பிரெட் மெக்குவயரின் குழு, அமெரிக்காவின் 100 மீட்டர் கிரீன் பேங்க் தொலைநோக்கியால் அந்த மேகத்தில், வால் ஒட்டிய பென்சீனான பென்சோநைட்ரைலைக் கண்டது. 2021-ல் இரட்டை வளையமான நாப்தலீன், அதே வாலோடு. வால் இல்லாவிட்டால் அது நாம் பீரோவில் போடும் பாச்சை உருண்டையேதான். 2024-ல் நான்கு வளையப் பைரீன், 2025-ல் ஏழு வளையக் கொரோனீன்; இவையும் வாலோடுதான். ஒவ்வொன்றின் அலைவரிசையையும் முதலில் ஆய்வகத்தில் அளந்தாக வேண்டும். பிறகு, இரைச்சலில் மூழ்கிய பல கோடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால்தான் அடையாளம் தெளியும். இந்தப் பொறுமை வணங்கத்தக்கது.

கார்பனுக்குக் காது கொடுத்தவர்கள் நம் பக்கத்திலும் உண்டு. ஊட்டி முத்தோரையில் வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப் 1970-ல் எழுப்பிய ரேடியோ தொலைநோக்கி 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். ஊட்டியின் அட்சரேகையான 11 டிகிரிக்குச் சமமாகச் சரியும் மலைச்சரிவில் கிடப்பதால், ஒரே அச்சில் திரும்பி வானைத் தொடரும். அது கேட்கும் 327 மெகாஹெர்ட்ஸில் அந்த வளையங்களைத் தேட முடியாது. ஆனால் தனிக் கார்பன் அணு அங்கே பேசும். இழந்த எலக்ட்ரானை மீண்டும் பிடித்த அணுவில், அந்த எலக்ட்ரான் 270-ஆவது ஆற்றல் படியை ஒட்டி இறங்கும்போது இதே அலைவரிசையில் அலை எழுகிறது. பெங்களூரு ராமன் ஆராய்ச்சி நிலையத்தின் அனந்தராமையாவும் அவருடன் உழைத்தவர்களும் பால்வீதித் தளத்தில் அந்த அலைகளைப் பதிவுசெய்தார்கள். அந்த நிலையில் ஒற்றை அணு, நம் ரத்தத்தின் சிவப்பணு அளவுக்கு விரிந்து நிற்கிறது.