பேக்மேனுக்கு ஐந்து நிமிடம்

வாலிப வயதில் பம்பாய் வீடியோ பார்லரில் காசு போட்டு நான் ஆடிய பேக்மேனை, என் மகன் வீட்டுத் தொலைக்காட்சியில் ஆடிக்கொண்டிருந்தான். "பழைய ஆட்டம்தானே?" என்றேன். "ஆடித்தான் பாருங்களேன் அப்பா" என்றான். தோற்ற பிறகுதான் வித்தியாசம் புரிந்தது.

1980-ல் ஜப்பானின் நாம்கோ நிறுவனத்தில் டோரு இவாதானி உருவாக்கிய ஆட்டத்தில், எல்லாப் புள்ளிகளையும் தின்றால்தான் அடுத்த கட்டம். காலக்கெடு கிடையாது. 2007-ல் எக்ஸ்பாக்ஸ் 360-க்காக அவரே முன்னின்று வடிவமைத்த 'சாம்பியன்ஷிப் எடிஷ'னின் முக்கிய ஆட்டத்துக்கோ ஐந்தே நிமிடம். திரையின் ஒரு பாதியைக் காலி செய்தால் மறுபாதியில் பழம் தோன்றும். பழத்தைத் தின்றால் காலியான பாதியில் புதுப் புள்ளிகள் முளைக்கும். வேகமும் ஏறிக்கொண்டே போகும்.

ஏன் இந்த மாற்றம்? பார்லரில் ஆட்டக்காரர் தோற்றால்தான் அடுத்த நாணயம் விழும். வீட்டிலோ பணம் முன்பே கட்டியாயிற்று; மறுபடி ஆட வைப்பது, போன தடவையைவிட ஒரு புள்ளியாவது கூட எடுக்கும் ஆசைதான். அதற்கு ஐந்து நிமிடம் சரியான அளவு.

ஆனால் அந்த வாயும் நான்கு பேய்களும் மாறவில்லை. அதனால்தான் எனக்கும் அங்கே இடம் கிடைத்தது. அறைக் கதவைச் சாத்திக்கொள்ளும் வயதுப் பிள்ளை, அன்று "இன்னொரு ஆட்டம், அப்பா" என்றான். பிள்ளைகள் ஆடும்போது நீங்களும் ஒருமுறை பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.