"ஸ்பேர் வர்றதில்லை!"

உள்ளங்கையில் ஒரு சந்தை – 11

பேட்டரி நிற்கவில்லை, ஸ்கிரீன் உடைந்துவிட்டது, சார்ஜர் சொருகும் இடம் தளர்ந்துவிட்டது. கைபேசி கெட்டுப்போகிற வழிகளில் பெரும்பாலானவை இந்த மூன்றில் அடங்கிவிடும். மூன்றுமே கழற்றி மாற்றக்கூடிய பாகங்கள்தான். ஆனாலும் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் கேட்டாலும், கொச்சியின் பென்டா மேனகா வளாகத்தில் கேட்டாலும் காதில் விழும் பதில் ஏறக்குறைய ஒன்றுதான். "ஒரிஜினல் ஸ்பேர் வர்றதில்லை. டூப்ளிகேட் போட்டுத் தர்றோம், கேரண்டி கேக்காதீங்க." கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்குப் போனால் பாகத்தின் விலையைக் கேட்டதும் தலை சுற்றும். அதற்குப் பிறகு வீட்டில் நடக்கிற பேச்சும் எல்லோருக்கும் தெரிந்ததே: "அந்தக் காசோட இன்னும் கொஞ்சம் போட்டா புதுசே வாங்கிடலாமே!"

இதை வாங்குபவர் தானாகப் போட்ட கணக்கு என்று நினைத்துவிடக் கூடாது. பாகத்தின் விலையை வைப்பது கம்பெனி, அதை யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்வதும் கம்பெனி. ஐபோன்கள் ஸ்ரீபெரும்புதூரில் பாகம் பாகமாகப் பொருத்தப்பட்டு உலகமெங்கும் கப்பலேறுகின்றன. அங்கிருந்து ரிச்சி ஸ்ட்ரீட் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலான பயணம்தான். இவ்வளவு பக்கத்தில் இருந்தும் அங்கே கடை வைத்திருக்கும் ஒரு சாதாரண மெக்கானிக் அதே போனின் திரையை வாங்க நினைத்தால் எளிதான வழியில்லை.

பாகம் எப்படியோ கிடைத்துவிட்டாலும் இன்னொரு பூட்டு இருக்கிறது. முக்கியப் பாகங்கள் பலவற்றின் வரிசை எண்ணைப் போனின் மூளையோடு இணைத்துவைத்துவிடுகிறார்கள். அசல் பேட்டரியையே இன்னொரு போனிலிருந்து எடுத்துப் போட்டால்கூட, பல ஐபோன்களில் 'இது அறியப்படாத பாகம்' என்று திரையில் எச்சரிக்கை வந்தது, சில வசதிகள் வேலை செய்யாமல் போயின. இந்தத் தந்திரத்தைச் சட்டம் போட்டுத் தடுத்த முதல் அமெரிக்க மாநிலம் ஓரிகன். 2024 மார்ச்சில் அந்தச் சட்டம் கையெழுத்தானது. அதை எதிர்த்து வாதாடியது ஆப்பிள்.

பேட்டரி விவகாரம் இன்னும் கசப்பானது. பழைய ஐபோன்கள் வேகம் குறைந்து நொண்டுகின்றன என்று பயனாளர்கள் பல ஆண்டுகளாகப் புலம்பிக்கொண்டிருந்தார்கள். 'உங்களுக்கு அப்படித் தோன்றுகிறது' என்பதுதான் அவர்களுக்குக் கிடைத்த சமாதானம். 2017 டிசம்பரில், போன்களின் வேகத்தை அளக்கும் செயலி ஒன்றைத் தயாரிக்கும் நிறுவனத்தைச் சேர்ந்த ஜான் பூல், ஆயிரக்கணக்கான அளவீடுகளை வரைபடமாகப் போட்டுக் காட்டினார். குறிப்பிட்ட மென்பொருள் அப்டேட்டுக்குப் பிறகு வேகம் படிப்படியாக வெட்டப்பட்டிருப்பது அதில் பளிச்சென்று தெரிந்தது. சில நாட்களில் ஆப்பிள் ஒப்புக்கொண்டது. பேட்டரி தேய்ந்த போன்கள் திடீரென்று அணைந்துபோகாமல் இருக்கவே அப்படிச் செய்தோம் என்றது. காரணம் உண்மையாகவே இருக்கட்டும். வாங்கியவரிடம் ஏன் சொல்லவில்லை? பேட்டரியை மாற்றினால் போன் பழைய வேகத்துக்குத் திரும்பும் என்ற ஒரு வரித் தகவல் தெரிந்திருந்தால், எத்தனை பேர் புது போனுக்குத் தவணை கட்டாமல் இருந்திருப்பார்கள்?

இந்தக் கேள்விக்கு ஆப்பிளின் தலைவரே பாதி பதில் எழுதியிருக்கிறார். மன்னிப்புக் கேட்ட கையோடு அமெரிக்காவில் பேட்டரி மாற்றும் கட்டணத்தை 79 டாலரிலிருந்து 29 டாலராகக் குறைத்தது நிறுவனம். ஓராண்டு கழித்து, 2019 ஜனவரி 2 அன்று முதலீட்டாளர்களுக்கு எழுதிய கடிதத்தில், ஐபோன் விற்பனை எதிர்பார்த்ததைவிடக் குறைந்ததற்கான காரணங்களைப் பட்டியலிட்டார் டிம் குக். மலிவு விலையில் வாடிக்கையாளர்கள் பேட்டரி மாற்றிக்கொண்டதும் அவற்றில் ஒன்று. அதாவது ஒரு பேட்டரி நியாயமான விலையில் கிடைத்தால் ஜனங்கள் புது போன் வாங்குவதைத் தள்ளிப்போடுகிறார்கள். இது கம்பெனியின் கணக்குப் புத்தகத்திலேயே பதிந்துவிட்ட உண்மை.

அபராதங்களும் வந்தன. 2018 அக்டோபரில் இத்தாலி ஆப்பிளுக்கு 1 கோடி யூரோவும், இதேபோல அப்டேட்டால் பழைய போன்களைத் திணறவைத்ததற்காகச் சாம்சங்குக்கு 50 லட்சம் யூரோவும் விதித்தது. 2020-ல் பிரான்ஸ், தகவலை மறைத்ததற்காக ஆப்பிளிடம் 2.5 கோடி யூரோ வாங்கியது. நொந்துபோன பயனாளர்கள் சொன்னதை யாரும் நம்பவில்லை, வெளியாள் ஒருவர் அளந்து காட்டிய பிறகே எல்லாம் நடந்தது என்பதைக் கவனத்தில் வைத்துக்கொண்டு, எர்ணாகுளம் மாவட்டத்தில் இருக்கும் ஏலூருக்குப் போவோம்.

பெரியாறு இரண்டாகப் பிரிந்து சூழ்ந்திருக்கும் தீவு ஏலூர். தமிழர்களுக்கும் இந்த ஊரோடு பழைய தொடர்பு உண்டு. திருவிதாங்கூர் திவான் சர் சி.பி. ராமசாமி ஐயரின் காலத்தில், திருச்சியைச் சேர்ந்த சேஷசாயி சகோதரர்களின் முயற்சியால் இங்கே எழுந்ததுதான் 'ஃபாக்ட்' உர ஆலை. 1947-ல் உற்பத்தி தொடங்கியபோது விறகிலிருந்து வாயு எடுத்து அம்மோனியா தயாரித்தார்கள். அந்தத் தொழிற்பேட்டைக்கு உத்யோகமண்டல் என்று பெயர். பிறகு காஸ்டிக் சோடா ஆலை, டி.டி.டி.யும் எண்டோசல்ஃபானும் தயாரித்த ஹிந்துஸ்தான் இன்செக்டிசைட்ஸ், ஆற்றுக்கு அக்கரையில் எடையாரில் துத்தநாக ஆலை என்று வரிசையாக வந்தன. இந்த வரிசையில் 1952-ல் நேரு தொடங்கிவைத்த இந்தியன் ரேர் எர்த்ஸ் ஆலையும் ஒன்று. மணவாளக்குறிச்சி, சவறா கடற்கரை மணலில் இருந்து எடுக்கும் மோனசைட் என்ற கனிமத்தைப் பிரித்து அரிய மண் உலோகச் சேர்மங்களை எடுப்பதற்காக அமைக்கப்பட்ட ஆலை அது.

போனுக்குள் இருக்கும் ஸ்பீக்கரிலும், அதிரவைக்கும் சின்ன மோட்டாரிலும் உள்ள காந்தத்துக்கு நியோடைமியம் வேண்டும். திரைக் கண்ணாடியை மெருகேற்ற சீரியம் ஆக்ஸைடு. கேமரா லென்ஸுக்கு லாந்தனம். எல்லாமே இந்த அரிய மண் குடும்பம். உலகத்துக்கு வேண்டியதில் மிகப் பெரும் பங்கைச் சுத்திகரிப்பது சீனாதான், ஏலூர் அல்ல. ஏலூர் ஆற்றின் கேட்டுக்குக் கைபேசிதான் காரணம் என்று சொல்வதும் நியாயமாகாது. பூச்சிமருந்து, உரம், உலோகம் என்று பல ஆலைகளின் கழிவு அங்கே பல பத்தாண்டுகளாகச் சேர்ந்திருக்கிறது. ஆனால் இரண்டு கதைகளும் நடந்த விதத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஆற்றில் நிறம் மாறுகிறது, நாற்றம் வருகிறது, மீன் மிதக்கிறது, கிணறு கெட்டுவிட்டது என்று ஏலூர்க்காரர்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். ஆலைகள் கொடுத்த அறிக்கைகளில் எல்லாம் வரம்புக்குள் இருந்தது. 1999-ல் கிரீன்பீஸ் அமைப்பு அங்கே குழிக்கண்டம் ஓடையில் மாதிரி எடுத்து ஆராய்ந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட கரிம வேதிப்பொருட்கள் அதில் தென்பட்டன. டி.டி.டி.யும் இருந்தது. 2004 ஜூலையில் ஹிந்துஸ்தான் இன்செக்டிசைட்ஸின் எண்டோசல்ஃபான் பிரிவில் தீ விபத்து. அடுத்த மாதம் அபாயகரமான கழிவுகளுக்கான உச்ச நீதிமன்றக் கண்காணிப்புக் குழு நேரில் வந்தது, ஊர்மட்டத்தில் ஒரு சுற்றுச்சூழல் குழுவை அமைத்தது.

இது பழங்கதை என்று யாரும் தள்ளிவிட முடியாது. 2024 மே 20 இரவு பாதாளம் தடுப்பணையின் ஷட்டர்கள் திறக்கப்பட்ட பிறகு, வராப்புழை, கடமக்குடி, சேரானல்லூர் வரை பெரியாற்றில் மீன்கள் செத்து மிதந்தன. கடன் வாங்கிக் கூண்டில் மீன் வளர்த்தவர்கள் அறுவடைக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது எல்லாவற்றையும் இழந்தார்கள். தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்ததே காரணம் என்றது மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். கேரள மீன்வள, கடல் ஆய்வுப் பல்கலைக்கழகக் குழு ஆராய்ந்தபோது, அம்மோனியாவும் சல்ஃபைடும் அபாயகரமான அளவில் இருந்தது தெரிந்தது. இங்கேயும் உண்மை வெளியே வர, வெளியார் ஒருவர் அளக்க வேண்டியிருந்தது.

தகவல் முழுக்க நிறுவனத்தின் கையில் இருக்கிறது, நிரூபிக்க வேண்டிய பாரம் பாதிக்கப்பட்டவரின் தலையில் விழுகிறது. நுகர்வோர் உரிமையை இந்த இடத்திலிருந்துதான் பேசத் தொடங்க வேண்டும்.

இந்தியாவில் இதற்கு முன்மாதிரி இல்லாமல் இல்லை. கார் கம்பெனிகள் அசல் உதிரிபாகங்களையும், கோளாறு கண்டறியும் கருவிகளையும் வெளிச்சந்தை மெக்கானிக்குகளுக்குக் கொடுப்பதில்லை என்று 2011-ல் ஒரு தனிமனிதர் இந்தியப் போட்டி ஆணையத்தில் புகார் கொடுத்தார். விசாரணை விரிந்தது. 2014 ஆகஸ்ட் 25 அன்று 14 கார் நிறுவனங்களுக்கு ஆணையம் விதித்த மொத்த அபராதம் 2,500 கோடி ரூபாய்க்கும் அதிகம். நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போனது வேறு விஷயம். உதிரிபாகத்தைப் பூட்டிவைப்பது சந்தையை வளைக்கும் குற்றம் என்று அன்றே இந்த நாட்டில் ஓர் ஆணையம் எழுதிவைத்திருக்கிறது. போனுக்கு மட்டும் அந்த நியாயம் ஏன் செல்லாது?

ஒன்றிய நுகர்வோர் துறை 2022-ல் பழுது நீக்கும் உரிமைக்காக ஒரு குழுவை அமைத்து, அதே ஆண்டு டிசம்பர் 24, தேசிய நுகர்வோர் நாளில், ஓர் இணையதளத்தையும் திறந்தது. சேர விரும்பும் நிறுவனங்கள் சேரலாம். கட்டாயம் இல்லை. 2025 மே மாதம் இன்னொரு குழு, கைபேசிகளுக்கும் மின்னணுச் சாதனங்களுக்கும் 'பழுதுநீக்கக் குறியீடு' வேண்டும் என்று அறிக்கை கொடுத்தது. கழற்றுவது எவ்வளவு எளிது, ஸ்பேர் எத்தனை நாளில் கிடைக்கும், அப்டேட் எவ்வளவு காலம் வரும், எந்தத் திருகாணி, எந்தக் கருவி என்றெல்லாம் மதிப்பெண் போட்டு, விற்கும் இடத்திலேயே தெரியும்படி ஒட்ட வேண்டும். பிரான்ஸ் 2021 ஜனவரியிலேயே தொடங்கிவிட்ட ஏற்பாடு இது. வரவேற்க வேண்டிய யோசனை.

ஆனால் அந்த அறிக்கையில் ஒரு வரி உறுத்துகிறது. இந்த மதிப்பெண்ணை நிறுவனங்களே சுயமாக அறிவிக்கலாமாம், கூடுதல் சுமை எதுவும் அவற்றுக்கு இருக்காதாம். தன் கழிவைத் தானே அளந்து 'வரம்புக்குள்' என்று எழுதிக்கொடுத்த ஆலைகளை அறுபது, எழுபது ஆண்டுகளாகப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாழும் ஏலூர்க்காரரிடம் இந்த வரியைக் காட்டினால் என்ன சொல்வார் என்று யூகிப்பது கடினமல்ல. ஐரோப்பிய ஒன்றியமோ 2025 ஜூன் 20 முதல் ஸ்பேர், பேட்டரி பற்றிய தேவைகளை விதியாகவே ஆக்கிவிட்டது. ஒரு மாடல் விற்பனையிலிருந்து நின்ற பிறகும் 7 ஆண்டுகளுக்கு முக்கிய ஸ்பேர்கள் கிடைக்க வேண்டும். பேட்டரி 800 முறை சார்ஜ் ஏறிய பிறகும் 80 சதவீதத் திறனோடு இருக்க வேண்டும். நம்மூரில் விற்கும் கம்பெனிகள் பெரும்பாலும் அங்கே விற்பவைதான். அங்கே முடிந்தது இங்கே முடியாது என்று அவை சொன்னால் ஏற்க வேண்டியதில்லை.

அதுவரை கையில் இருக்கும் சட்டத்தைப் பயன்படுத்தலாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கிய ஊரில்தான் வழக்குப் போட வேண்டும் என்பதில்லை. குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரையான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. இரண்டு ஆண்டுக்குள் கொடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான். பில், சர்வீஸ் சென்டர் கொடுத்த ஜாப் ஷீட், ஸ்பேர் இல்லை என்று அவர்கள் அனுப்பிய குறுஞ்செய்தி, இவை மூன்றையும் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும். முதலில் 1915 என்ற தேசிய உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்தால், பல நேரம் வழக்கு வரை போகாமலே தீர்ந்துவிடும். பொருளில் குறை உண்டா என்பது பரிசோதித்தால்தான் தெரியும் என்றால், அதை ஆய்வகத்துக்கு அனுப்ப மாவட்ட ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. பலர் இதைக் கேட்டு வாங்குவதே இல்லை.

பழுதுநீக்கக் குறியீட்டுக்கான விதிகளிலும் இந்த ஆய்வக ஏற்பாடு இடம்பெற வேண்டும். கம்பெனி போட்டுக்கொண்ட மதிப்பெண்ணைச் சந்தையில் வாங்கிய போனை வைத்து வெளியார் ஒருவர் சரிபார்க்க வேண்டும், அந்த முடிவை எல்லோரும் பார்க்கும்படி வெளியிட வேண்டும். பொய்யாக இருந்தால், தவறான விளம்பரத்துக்கு முதல் முறை விதிக்கப்படும் 10 லட்சம் ரூபாய் வரம்பு ஒரு பெரிய கம்பெனிக்கு ஒரு நாள் விளம்பரச் செலவுகூட ஆகாது. விற்றுமுதலில் சதவீதக் கணக்கில் வாங்கினால்தான் உறைக்கும். கார் வழக்கில் ஆணையம் அப்படித்தான் கணக்கிட்டது.

(அடுத்த வாரம்: அப்டேட் நின்றுபோன போனுக்குள் வங்கிச் செயலி)