ஆடியவர் நாற்காலிக்கு வந்தால்

தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை என்று நம் மேற்குக் கடப்புறத்தில் எந்த ஊருக்குப் போனாலும் கால்பந்து பேச ஆள் கிடைக்கும். இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) வரை போன மைக்கேல் சூசைராஜ் இரவிபுத்தன்துறைக்காரர்தான். ஆட ஆளுக்குப் பஞ்சமில்லை. ஆட்டத்தை நடத்தும் மேசையில் நம்மவர் எத்தனை பேர்?

டென்னிஸில் அந்த மேசைக்கு உலக அளவில் போன தமிழ்நாட்டுக்காரர் விஜய் அமிர்தராஜ். 1973-இல் விம்பிள்டனிலும் அமெரிக்க ஓப்பனிலும் காலிறுதி ஆடியவர். மறுவருடம் இந்தியா டேவிஸ் கோப்பை இறுதிக்கு வந்தது. எதிரணி, நிறவெறி ஆட்சி நடந்த தென்னாப்பிரிக்கா. ஆட மாட்டோம் என்றது இந்தியா. கோப்பை ஆடாமலே கைவிட்டுப் போனது. நியாயமான முடிவுதான். ஆனால் முடிவு அரசாங்கத்தினுடையது, இழப்பு ஆட்டக்காரர்களுடையது.

உலக டென்னிஸிலும் வீரர்களின் பேச்சு அவ்வளவாக எடுபடாத காலம் அது. 1988 அமெரிக்க ஓப்பனின்போது, தனியாக ஒரு போட்டிச் சுற்று தொடங்கப்போவதாக அறிவிக்க வீரர்கள் சங்கமான ஏ.டி.பி. ஓர் அறை கேட்டது. கிடைக்கவில்லை. அரங்கத்துக்கு வெளியே கார் நிறுத்துமிடத்தில் நின்றே பத்திரிகையாளர்களைச் சந்தித்தார்கள்! 1990-இல் அந்தச் சுற்று தொடங்கியது. நிர்வாகத்தில் வீரர்களுக்குப் பாதி, போட்டி நடத்துபவர்களுக்குப் பாதி. இந்த மாற்றம் நடந்த 1989 முதல் 1993 வரை ஏ.டி.பி.யின் வீரர் குழுவுக்குத் தலைவர் அமிர்தராஜ்.

2001-இல் ஐ.நா. அமைதித் தூதர், 2022-இல் தமிழ்நாடு டென்னிஸ் சங்கத் தலைவர். 2024-இல் சர்வதேச டென்னிஸ் புகழ் அரங்கம் அவரையும் லியாண்டர் பயஸையும் சேர்த்துக்கொண்டது. பயஸ் வீரர் வரிசையில். அமிர்தராஜ் பங்களிப்பாளர் வரிசையில். சென்னையில் அவர் தொடங்கிய பயிற்சியகத்தில் வளர்ந்த பையன்தான் பயஸ்.

கால்பந்தில் கதை வேறு. அகில இந்திய சம்மேளனத்துக்கு முன்னாள் வீரர் ஒருவர் தலைவரானதே 2022-இல்தான்: கோல்கீப்பர் கல்யாண் சௌபே. எதிர்த்து நின்ற புகழ்பெற்ற வீரர் பாய்ச்சுங் பூட்டியாவுக்கு விழுந்தது ஒரே ஓட்டு. ஓட்டு மாநிலச் சங்கங்களின் கையில்; ஆட்டப் புகழ் அங்கே செல்லாது. ஆடியவர் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்ல முடியாது. சௌபே காலத்தில்தான் 2025-இல் ஐ.எஸ்.எல். நேரத்துக்குத் தொடங்க முடியாமல் நின்றது.

அதற்காக ஒதுங்கி நிற்கலாமா? 2025-இல் வந்த தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம், தேசியச் சம்மேளனங்களின் செயற்குழுவில் சாதனை வீரர்கள் இரண்டு பேராவது இருக்க வேண்டும் என்கிறது. ஓட்டு வைத்திருக்கும் மாநிலச் சங்கத்துக்குப் போகும் வழியோ மாவட்டச் சங்கத்திலிருந்து தொடங்குகிறது. கடப்புறத்தில் ஆடி ஓய்ந்த அண்ணன்மார்களே, பிள்ளைகளுக்குக் கோச்சாக இருப்பதோடு நிறுத்திவிடாதீர்கள். அடுத்த சங்கத் தேர்தலில் மனு போடுங்கள்.