மலையிலும் ஆஸ்பத்திரியிலும் ஒரே மருந்து

நானுஓயாவைச் சூழ்ந்த தேயிலை மலைகளில், மழையும் மூட்டமும் நாட்கணக்காக நீங்காதிருக்கும் மாதங்களில், இளங்கொழுந்தின்மேல் வெளிறிய புள்ளியாகத் தோன்றி, நாளடைவில் இலையின் மேற்புறம் குழிந்து அடிப்புறம் புடைத்து வெண்துகள் பூத்து நிற்கும் கொப்புள நோயை அறியாத தோட்டத் தொழிலாளி இல்லை. 1946இல் இலங்கையில் புகுந்த இந்நோய்க்குக் காரணம் ஒரு பங்கசு. அதை அடக்கத் தேயிலை விளையும் நாடுகளில் செம்பு மருந்துகளோடு ஹெக்சகோனசோல், புரோபிகோனசோல் முதலிய அசோல் வர்க்கத்து மருந்துகளும் அடிக்கப்படுகின்றன. பங்கசு வியாதிகளுக்கு வைத்தியர் கொடுக்கும் புளுகோனசோலும் அவ்வர்க்கத்ததே.

பாணைப் பொங்கச் செய்யும் மதுவமும் பங்கசு இனத்தைச் சேர்ந்ததுதான். அதன் உறவினருள் மனிதனுக்குப் பகையானவையும் உண்டு. 2009இல் ஜப்பானில் ஒரு நோயாளியின் செவியிலிருந்து பெறப்பட்டு முதன்முதலாக விவரிக்கப்பட்ட கன்டிடா ஓரிஸ் என்னும் மதுவம், சில ஆண்டுகளுக்குள் டில்லி ஆஸ்பத்திரிகளில் நோயாளரின் இரத்தத்திலேயே காணப்பட்டது. புளுகோனசோல் அதனிடம் பெரும்பாலும் பலிப்பதில்லை. 2022இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட பங்கசுப் பட்டியலில் அதி அபாயமானவற்றின் வரிசையில் அதுவும் நிற்கிறது.

மதுவத்தின் கலம் நம் உடற்கலத்தை வெகுவாக ஒத்திருப்பதால், அதைக் கொன்று நம்மைக் காக்கும் மருந்துகள் மிகச் சில. நம் கலச் சவ்வில் கொலஸ்திரோல் செய்யும் வேலையை அதன் சவ்வில் எர்கோஸ்திரோல் செய்கிறது என்ற சிறு பேதத்தையே அசோல் பற்றிக்கொண்டு, எர்கோஸ்திரோலை ஆக்கும் நொதியத்தில் ஒட்டி அதன் தொழிலை நிறுத்துகிறது. எதிர்த்து நிற்கும் மதுவமோ, பரம்பரை அலகில் நேர்ந்த ஒரு மாறுதலால் அந்நொதியத்தின் வடிவம் சற்றே திரிந்து மருந்தை ஒட்டவிடாமல் தப்புகிறது. அல்லது அடைமழையில் லயத்துக்குள் புகுந்த நீரை வீட்டார் வாளியால் இறைப்பதுபோல, உட்புகுந்த மருந்தைச் சவ்விலுள்ள புரதங்களைக்கொண்டு வெளியே தள்ளிவிடுகிறது. இரண்டு உபாயங்களையும் ஒருங்கே கைக்கொண்டவையும் உள்ளன.

மலையில் அடிக்கும் அசோலையும் ஆஸ்பத்திரி அசோலையும் ஒரே கணக்கில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது என் துணிபு. டில்லி விஞ்ஞானி அனுராதா சௌத்ரியும் அவர் குழுவினரும் 2021இல், அந்தமான் தீவுகளின் உவர்ச்சதுப்பிலும் கடற்கரை மணலிலும் கன்டிடா ஓரிஸ் வாழ்வதை வெளியிட்டார்கள். மறு ஆண்டிலோ, சேமித்து வைத்து விற்கப்படும் அப்பிள் பழங்களின் தோலிலேயே, பங்கசு மருந்தின் எச்சத்தோடு, அதைக் கண்டார்கள். நெதர்லாந்தில் அசோலை ஒருபோதும் உட்கொண்டிராத நோயாளரின் நுரையீரலில், அசோலுக்கு அடங்காத அஸ்பெர்ஜிலஸ் பங்கசு குடிகொண்டிருந்தது. வயலில் தெளித்த மருந்தே அப்பங்கசை அவ்வாறு பழக்கியது என்று ஆராய்ச்சியாளர் கருதுகிறார்கள்.