முதுமை எய்திய சாட்சி

கும்மிடிப்பூண்டி வட்டத்திலுள்ள தேர்வாய் கண்டிகைக்குச் செல்ல நேர்ந்தால், சிப்காட் தொழிற்பூங்காவை மட்டும் கண்டு திரும்பிவிடாதீர்கள். அருகிலுள்ள நீர்த்தேக்கத்தையும் பாருங்கள். கண்ணன்கோட்டை, தேர்வாய் கண்டிகை ஏரிகளை இணைத்து அமைக்கப்பட்ட இது, 2020 நவம்பரில் திறக்கப்பட்டது; 500 மில்லியன் கன அடி நீரைக் கொள்ளும். இத்தகைய நீர்நிலைகளில் நீர்மட்டத்தைக் காட்ட அளவுகோல் நடுவது வழக்கம். அக்கோல் சேற்றில் சற்றே புதைந்துவிட்டால் என்னாகும்? நீர் ஏறாமலேயே ஏறியதாகக் காட்டும். கோல் நிற்கும், கணக்கு பொய்த்துவிடும்.

ஏரிக்குக் கோல் நடலாம். நடுக்கடலுக்கு எங்கே நடுவது? அதற்கான விடை, இவ்வட்டாரத்திற்கு வடகிழக்கே பழவேற்காடு ஏரிக்கு அப்பாலுள்ள ஸ்ரீஹரிக்கோட்டாவிலிருந்தே விண்ணேறியது. 2013 பிப்ரவரி 25ஆம் நாள் ஏவப்பட்ட 'சரல்' என்னும் செயற்கைக்கோள், இந்தியாவும் பிரான்சும் இணைந்து உருவாக்கியதாகும். ஏறத்தாழ 800 கிலோமீட்டர் உயரத்திலிருந்து அதன் 'ஆல்ட்டிகா' கருவி கடலை நோக்கி ரேடார் அலைகளை அனுப்பும். அவை கடற்பரப்பில் பட்டுத் திரும்ப, ஒரு வினாடியில் சுமார் 200இல் ஒரு பங்கு நேரமே ஆகும். அந்நேரத்தைக் கொண்டே கடலின் உயரத்தைக் கணிக்கின்றனர். அலைகளின் உயரமும் இதனால் தெரியவரும்.

ஐந்தாண்டுகள் உழைக்க வேண்டும் என்ற இலக்குடன் சென்ற சரல், அக்காலத்தைக் கடந்தும் உழைத்தது. ஆயினும் முதுமை அதை விடவில்லை. கோளின் நிலையைச் சீராக வைக்கும் சுழல்சக்கரங்கள் தளர்ந்தன. 35 நாட்களுக்கு ஒருமுறை அதே தடத்திற்குத் திரும்பிவந்த கோள், 2016 ஜூலை முதல் தடம் விலகிச் செல்ல அனுமதிக்கப்பட்டது.

இனி அதன் சொல்லை எவ்வாறு நம்புவது? அறிஞர்கள் அதை ஓயாமல் விசாரணை செய்தனர். வடக்கே செல்லும் தடமும் தெற்கே வரும் தடமும் வெட்டிக்கொள்ளும் இடங்களில், சில நாள் இடைவெளியில் எடுத்த இரு அளவுகளும் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்தனர். ஜேசன்-2, ஜேசன்-3 ஆகிய பிற கோள்களின் அளவுகளோடு ஒப்பிட்டனர். இலட்சத்தீவின் கவரத்தித் தீவிலுள்ள கடல்மட்டமானியைக் கொண்டு தொடக்கத்திலேயே உரசிப் பார்த்திருந்தனர். கோள் சற்றே சாய்ந்து நோக்கினால் திரும்பும் அலையின் வடிவம் மாறும். அம்மாற்றமே சாய்வைக் காட்டிக்கொடுத்துவிடும். மழையால் கெட்ட அளவுகளும், சாய்வால் பிழைபட்ட அளவுகளும் குறியிட்டு ஒதுக்கப்பட்டன.

இத்தனை கண்டிப்பு எதற்கு என்கிறீர்களா? 1993 முதல் உலகக் கடல்மட்டம் ஆண்டுக்குச் சராசரியாக மூன்று மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாக உயர்ந்து வருகிறது. கருவி அதே அளவு நழுவினாலும், இல்லாத உயர்வைக் காட்டவோ உள்ள உயர்வை மறைக்கவோ கூடும். பழவேற்காடு போன்ற தாழ்ந்த கரைகளில் வாழும் நம் மக்களின் வீடும் வாழ்வும் அந்தச் சில மில்லிமீட்டர்களின் மீதே நிற்கின்றன. அளவு இல்லாதிருப்பதைவிட, சரியென்று நம்பப்படும் தவறான அளவே பேராபத்து.

இவ்விசாரணை முறை நமக்குப் புதிதன்று. ஹதீஸ் கலை மேதைகள் அறிவிப்பாளர்களை இவ்வாறே ஆராய்ந்தனர். நேர்மை குன்றாத ஒருவர் முதுமையில் நினைவு தடுமாறினால் அதனை 'இக்திலாத்' என்றனர். அதாஉ பின் ஸாயிப் (ரஹ்) அத்தகையவர். அவரை அவர்கள் அடியோடு ஒதுக்கிவிடவில்லை. ஷுஅபா (ரஹ்), ஸுஃப்யான் ஸவ்ரி (ரஹ்) போன்றோர் தடுமாற்றத்திற்கு முன் அவரிடம் கேட்டவற்றை ஏற்றனர். பின்னர் கேட்கப்பட்டவற்றில் எச்சரிக்கை காட்டினர். முதியவர் என்பதற்காக ஒதுக்கவும் இல்லை. மதிப்பிற்குரியவர் என்பதற்காகக் கண்ணை மூடிக்கொள்ளவும் இல்லை.

சரலுக்கும் அதே நீதியே கிடைத்தது. தடம் விலகிய பின் அது புதிய பாதைகளில் சென்றதால், கடலடித் தரையின் மேடு பள்ளங்களை அறியவும் அதன் அளவுகள் உதவின. முதுமையிலும் ஒரு பயன்!

வாசகர்களே, கடைத் தராசாயினும் விண்கோளாயினும் அளவு என்பது ஓர் அமானிதம். நம் தராசை நாம் கடைசியாகச் சோதித்தது எப்போது?