எலி சொன்ன சேதி

வீட்டில் ஓர் எலி தலைகாட்டினால் நாம் என்ன செய்வோம்? துடைப்பத்தைத் தேடுவோம், கணவரைக் கூப்பிடுவோம், சாயங்காலத்துக்குள் பொறியும் மசால்வடையும் தயாராகிவிடும். ஆனால் உலகத்தில் சில கட்டிடங்களில் எலிக்கு நடக்கும் உபசாரத்தைப் பார்த்தால், தலை தீபாவளிக்கு வந்த மாப்பிள்ளைகூடப் பொறாமைப்படுவார். சுத்தமான கூண்டு, ஒரே சீரான வெப்பம், அளந்து வைத்த தீனி, எடை பார்த்துக் குறித்துக்கொள்ள ஆள்! இந்த உபசாரம் இரண்டு வருஷம் நடக்கிறது.

எல்லாம் யாருக்காக என்கிறீர்கள்? உங்களுக்காகத்தான். உங்கள் வீட்டுக் காப்பியில் விழும் பாலுக்காகவும், குழந்தைக்கு அவித்துக் கொடுக்கும் முட்டைக்காகவும்தான்.

மாட்டுக்கும் கோழிக்கும் மருந்து கொடுக்கிறார்கள். அதில் அணுவளவு பாலிலும் முட்டையிலும் மாமிசத்திலும் தங்கி நம் வயிற்றுக்குள் வந்தால்? ஒரு நாள், இரண்டு நாள் அல்ல. ஆயுள் முழுவதும் வந்தால்? புற்றுநோய் உண்டாகுமா? இதை மனிதர்களுக்குக் கொடுத்துச் சோதிக்க முடியாது. எலியிடம்தான் கேட்க வேண்டும். இரண்டு வருஷத்தில் எலி பால்குடி மறந்த பருவத்திலிருந்து கிழப்பருவம் வரை வாழ்ந்து காட்டிவிடுகிறது.

எலி சொன்ன பதிலைக் காதில் போட்டுக்கொள்ளாமல் இருந்தால் என்ன ஆகும்? அமெரிக்காவில் நடந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள்.

ஒரே வருஷத்தில் இரண்டு செய்திகள்

1938-ல் லண்டனில் சார்ல்ஸ் டாட்ஸ் என்ற விஞ்ஞானியும் அவருடைய சகாக்களும் ஒரு மருந்தைச் செய்தார்கள். டைஎதில்ஸ்டில்பெஸ்ட்ரால் என்று பெயர். பயந்து பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், டி.இ.எஸ். என்று சுருக்கமாக வைத்துக்கொள்வோம். பெண்களின் உடலில் இயற்கையாகச் சுரக்கும் ஹார்மோன் செய்யும் வேலையை இது செய்தது. விலையும் மலிவு, மாத்திரையாகவே விழுங்கலாம்.

அதே 1938-ல் பாரிஸிலிருந்து இன்னொரு செய்தி வந்தது. அந்த்வான் லக்கசாஞ் என்ற டாக்டர் இந்த மருந்தை ஆண் சுண்டெலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். அவற்றுக்கு மார்பில் புற்றுநோய் கண்டது. பெண் சுண்டெலிகளுக்கு அல்ல, ஆண் சுண்டெலிகளுக்கு!

எலி அன்றைக்கே சொல்லிவிட்டது. கேட்பதற்குத்தான் ஆள் இல்லை.

1947-லிருந்து அமெரிக்காவில் இந்த மருந்தைச் சிறு உருண்டையாக்கிச் சேவல்களின் கழுத்துத் தோலுக்கு அடியில் வைத்தார்கள். சேவல் கொழுகொழுவென்று வளர்ந்தது. வெட்டிப்போட்ட கழுத்தையும் தலையையும் ரோமத்துக்காக வளர்க்கும் மிங்க் என்ற சிறு பிராணிகளுக்குத் தீனியாகப் போட்டார்கள். மிங்க்குகள் குட்டி போடாமல் நின்றுவிட்டன! 1954-ல் மாட்டுத் தீவனத்திலும் கலக்க அனுமதி கிடைத்தது. ஒரு மாட்டுக்கு நாளைக்கு 10 மில்லிகிராம். குறைந்த தீனியில் நிறைந்த மாமிசம் என்றால் எந்த வியாபாரிதான் வேண்டாம் என்பான்?

வீட்டுக்குள்ளும் இந்த மருந்து நுழைந்தது. கரு கலைந்துபோகாமல் காக்கும் என்று சொல்லிக் கர்ப்பிணிகளுக்கு டாக்டர்கள் எழுதிக் கொடுத்தார்கள். 1953-ல் சிகாகோவில் சுமார் 1,600 கர்ப்பிணிகளைக் கொண்டு சோதித்தபோது, இதனால் ஒரு பலனும் இல்லை என்று தெரிந்தது. அதற்குப் பிறகும் பல வருஷம் எழுதிக் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள்.

சட்டமும் சந்தும்

1958-ல் அமெரிக்காவில் ஒரு சட்டம் வந்தது. மனிதருக்கோ மிருகத்துக்கோ புற்றுநோய் உண்டாக்கும் என்று கண்ட எந்தப் பொருளையும் உணவில் சேர்க்கக் கூடாது என்றது அது. கொண்டுவந்த அங்கத்தினரின் பெயரால் டிலேனி விதி என்பார்கள். மறு வருஷமே கோழிக்கு இந்த மருந்து வைப்பது நின்றது.

மாடு மட்டும் தப்பவில்லை. 1962-ல் சட்டத்தில் ஒரு சந்து வெட்டினார்கள். மாமிசத்தில் மருந்து தங்கியிருப்பதாகச் சோதனையில் தெரியாவிட்டால் கொடுக்கலாம் என்றார்கள். அந்தச் சோதனைக்கும் சுண்டெலியைத்தான் அழைத்தார்கள். மாட்டிறைச்சியைத் தின்ற பெண் சுண்டெலியின் கருப்பை வீங்கினால் மருந்து உண்டு, இல்லாவிட்டால் இல்லை. நூறு கோடிப் பங்கில் இரண்டு பங்குக்குக் குறைந்தால் இந்த முறைக்குப் புலப்படாது. கண்ணுக்குத் தெரியவில்லை என்பதால் இல்லை என்று ஆகிவிடுமா?

1964-ல் இன்னொரு சோதனையின் முடிவு வந்தது. மார்புக் கட்டி எளிதில் உண்டாகும் இனத்துச் சுண்டெலிகளுக்கு மிக மிகச் சிறிய அளவுகளில் டி.இ.எஸ். கொடுத்தார்கள். ஆயிரம் கிலோ தீனியில் ஆறேகால் மில்லிகிராம் கலந்தபோதே கட்டிகள் அதிகமாயின. ஆயிரம் கிலோ அரிசியில் அரை அரிசிகூட அந்த எடை வராது, அம்மா!

ஒரு தாயின் கேள்வி

இந்தச் சமயத்தில் பாஸ்டன் நகரத்தில் ஒரு விபரீதம் நடந்தது. 1966-லிருந்து 1969-க்குள் இளம் பெண்கள் சிலர் பிறப்பு வழியில் புற்றுநோயோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். வயதான ஸ்திரீகளுக்கே அபூர்வமாக வரும் நோய் அது. இவர்களுக்கோ 15-லிருந்து 22 வயதுக்குள்தான். டாக்டர்களுக்கு ஒன்றும் புரியவில்லை.

அந்தப் பெண்களில் ஒருத்தியின் தாய், டாக்டரிடம் ஒரு கேள்வி கேட்டாள். இவள் வயிற்றில் இருந்தபோது தான் சாப்பிட்ட மருந்துக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்குமோ என்றாள். பெற்றவளுக்குத் தோன்றியது படித்தவர்களுக்குத் தோன்றவில்லை. நல்லவேளையாக, டாக்டர்கள் அந்தக் கேள்வியை அலட்சியம் செய்யவில்லை. விசாரித்தார்கள். நோய் கண்ட 8 பெண்களில் 7 பேரின் தாய்மார்கள் டி.இ.எஸ். சாப்பிட்டிருந்தார்கள். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக விசாரித்த வேறு 32 பெண்களின் தாய்மார்களில் ஒருவர்கூடச் சாப்பிட்டிருக்கவில்லை. 1971 ஏப்ரலில் டாக்டர் ஆர்தர் ஹெர்ப்ஸ்டும் சகாக்களும் இதை வெளியிட்டார்கள். அந்த வருஷக் கடைசியில், கர்ப்பிணிகளுக்கு இதைக் கொடுக்க வேண்டாம் என்று அரசு எச்சரித்தது.

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். அந்தத் தாய்மார்கள் விழுங்கியது மாத்திரை, அளவு அதிகம். மாட்டிறைச்சியில் தங்கிய துளியால் இன்னாருக்கு நோய் வந்தது என்று யாரும் நிரூபிக்கவில்லை. ஆனால் எலியில் கண்டது மனிதருக்கும் வரும் என்பதை இந்த மருந்து காட்டிவிட்டது. அதன் பிறகு மாட்டுக்குக் கொடுப்பதை எப்படிப் பொறுப்பது? தடை, வழக்கு, மறுபடியும் விசாரணை என்று இழுத்து, 1979-ல்தான் கால்நடைகளுக்கும் முழுத் தடை வந்தது. 1938-க்கும் 1979-க்கும் இடையில் 41 வருஷம்!

இப்போது எப்படிச் செய்கிறார்கள்?

இப்போதெல்லாம் மருந்தின் மேல் இப்படிப்பட்ட சந்தேகம் இருந்தால், விற்பனைக்கு முன்பே இரண்டு வருஷச் சோதனை நடத்துகிறார்கள். மருந்தே இல்லாத தீனிக்கு ஒரு கூட்டம். குறைந்த, நடுத்தர, அதிக அளவுகளுக்கு மூன்று கூட்டங்கள். ஒவ்வொரு கூட்டத்திலும் ஆண் 50, பெண் 50. முடிவில் ஒவ்வோர் எலியின் உறுப்புகளையும் மெல்லிய சீவல்களாகச் சீவி மைக்ராஸ்கோப்பில் பார்க்கிறார்கள்.

“அவ்வளவு மருந்தை யார் சாப்பிடப் போகிறார்கள்?” என்று கேட்பவர்கள் உண்டு. ஆயிரத்தில் ஒருவருக்கு வரும் தீங்கு ஐம்பது எலிகளில் தென்படாது. அளவைக் கூட்டினால்தான் தலைகாட்டும். எலி சொல்வதையெல்லாம் அப்படியே நம்புவதும் இல்லை. ஆரஞ்சுத் தோலின் வாசனைக்குக் காரணமான லிமோனீன், ஆண் எலியின் சிறுநீரகத்தில் கட்டி உண்டாக்கியது. அதற்குக் காரணம் ஆண் எலிக்கே உரிய ஒரு புரதம். நமக்கு அது கிடையாது. ஆகவே பதிலோடு காரணத்தையும் கேட்கிறார்கள்.

தீங்கு செய்யாத அளவு என்று ஒன்று தெரிந்தால், சாதாரணமாக அதை நூறால் வகுத்து, மனிதருக்கு இவ்வளவுதான் என்று வரம்பு வைக்கிறார்கள். ஊசி போட்ட பிறகு எத்தனை நாள் மாட்டின் பாலை விற்கக் கூடாது என்ற கணக்கு அதிலிருந்துதான் பிறக்கிறது. உங்கள் தெருவில் மாடு வைத்துப் பால் ஊற்றுபவர் இருந்தால், “மாட்டுக்கு ஊசி போட்டீர்களா? எத்தனை நாள் ஆயிற்று?” என்று தயங்காமல் கேளுங்கள். மனதில் சந்தேகம் வந்தால் கேட்டுவிட வேண்டும். பாஸ்டன் தாய் கேட்டதும் அப்படி ஒரு கேள்விதானே?

இனி எலியைக் கண்டால் துடைப்பத்தை எடுக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தாராளமாக எடுங்கள். ஓங்குவதற்கு முன் அதன் இனத்துக்கு மனதுக்குள் ஒரு நன்றி சொல்லிவிடுங்கள், அது போதும்.